வேர் இல்லாத புற்றுக்காளான்

கஸ்தூரிரங்கன் மூன்றாவது தடவையாக அதையே சொன்னார். ராமதாஸின் இட்லி ஆறிப்போனது.

"நூறு வருஷத்துப் புஸ்தகம். தின்கிற காட்டுக்காளான் ஒன்பதுக்கும் கையால் எழுதின படம். ஒன்றை உருவிவிட்டு, வெள்ளைத்தாளில் போலி வைத்திருக்கிறாள். புஸ்தகங்களை வெயிலில் காயவைக்கிற வேலைக்காரி செங்கம்மாள்தானே? தெரு பூரா சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு ஸ்டேஷனில் புகார், நீங்களும் வாருங்கள்."

ராமதாஸ் ஓய்வுபெற்ற ஏட்டு. கூடவே அலையும் மோசஸ் துள்ளி எழுந்தான். "எவன் வரைஞ்சான்னு பஜார்ல விசாரிச்சிகினு வரேன் அண்ணாத்த."

"உக்காருடா. முதல்ல படத்தைப் பார்ப்போம்."

செங்கல்பட்டில் கஸ்தூரிரங்கன் வீட்டு வாசலில் செங்கம்மாள் நின்றிருந்தாள். உள்ளே கஸ்தூரிரங்கனின் தம்பி சாரங்கபாணி, பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். ராமதாஸ் புத்தகத்தைப் பிரித்தார். போலிக்கு எதிர்ப்பக்கத்தின் கீழ்விளிம்பில் நீலக்கறை. போலிப் படத்தைச் செங்கம்மாளிடம் காட்டினார்.

"இன்னா இது, புத்துக்காளான் காலை வெட்டிப் போட்டுக்கீது? தோண்டினா கீழ வேராட்டம் ஒரு முழம் வருமே."

"நீங்க காளான் சாப்பிடுறதுண்டா சாமி?" என்று ராமதாஸ் கஸ்தூரிரங்கனைக் கேட்டார்.

"காளானா? வாசப்படி ஏறாது!" என்றார் கஸ்தூரிரங்கன். "வளவளவென்று ஏன்? ஸ்டேஷனுக்குப் போகலாம்."

ராமதாஸ் பெருமூச்சு விட்டார். "கொஞ்சம் கேளுங்க. குடையிலே ஒரு கோடு பிசகலை. அசலை முன்னாடி வெச்சுத்தான் வரைஞ்சிருக்கு. ஆனா வேர் இல்லை. ஏன்? அசல்ல கீழ்ப்பாதி தெரியலை, மை கொட்டியிருக்கு. எதிர்ப்பக்கக் கறை அதான். செங்கம்மா சொல்லி ஒருத்தன் வரைஞ்சிருந்தா, வேரைச் சொல்லாம விட்டிருப்பாளா? தெரியாத பாதியைக் கற்பனையாப் போட்டவர் காளானே பறிக்காதவர், தின்னாதவர். தூரிகை பிடிக்கத் தெரிஞ்சவர். இந்த வீட்டுலே யாரு அது?"

எல்லாரும் திரும்பினார்கள். சாரங்கபாணி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைக்கூடு சாஞ்சிடுத்து அண்ணா. நீ கத்துவேன்னு பயம். அசல் என் பெட்டியிலே இருக்கு."

"அவளைச் சொன்னப்ப வாயில இன்னா வெச்சிருந்த?" என்றான் மோசஸ்.

கஸ்தூரிரங்கன் தொண்டையைச் செருமினார். "சரி செங்கம்மா, போனது போகட்டும். நாளைக்கு வேலைக்கு வா."

"தெருவுல திருடின்னு சொன்னீங்க. தெருவுல போய் இல்லேன்னு சொல்லுங்க. வர்றத அப்பால பாக்கலாம்."

அவர் வாசலுக்குப் போனார். எதிர்வீட்டு ரங்கநாயகி கோலமாவுக் கிண்ணத்துடன் நிமிர்ந்தாள். கஸ்தூரிரங்கன் அவளிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சாமி," என்றாள் செங்கம்மாள்.