மஞ்சள் தண்ணீர் குடித்த மதர்போர்ட்

ஐப்பசி மழைக்கு ஒரு கெட்ட பழக்கம். குடை இல்லாதவர்களைத் தேடித்தான் வரும்.

கேதீஸ்வரியிடம் குடை இருந்தது. ஆனால் அதைத் தனக்கா பிடித்தாள்? நெஞ்சோடு அணைத்திருந்த பழைய கொம்பியூட்டர் பெட்டிக்கல்லவா பிடித்திருந்தாள்! ஆட்டோவை விட்டு இறங்கி, ஆரையம்பதியில் இருந்த அந்தத் திருத்தும் கடைக்குள் அவள் ஓட, உள்ளேயிருந்து ஒருவன் வெளியே வர... குடைக்கம்பி அவன் சட்டைப்பையில் மாட்டி 'டர்'ரென்று கிழித்தது.

"கண் தெரியாதா?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவனுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. இமையில் மழைத்துளி தொங்க இரண்டு பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாயின. பாவம் சிவதர்ஷன், கிழிந்த சட்டையை மறந்தே போனான். கடைக்காரனே அவன்தான்.

"குடுங்க பாப்பம். என்ன நடந்த?"

"சும்மா இரிக்கக்குள்ள நிண்டுட்டு."

"உள்ளுக்க தண்ணி கிண்ணி பட்டதா?"

"இல்லவே இல்ல!"

பொய்தான். உண்மையைச் சொன்னால் 'திருத்த ஏலாது' என்று கைவிரித்துவிட்டால்? களுதாவளையில் அவள் நடத்தும் சின்னக் கடையில் கல்யாண அழைப்புக் காட் எல்லாம் இந்தப் பெட்டியில்தான் உருவாகின்றன. "இது பழுதாப் போனா கடையப் பூட்டிட்டு லண்டன் மாப்பிள்ளைக்கு ஓமெண்டு சொல்லணும், சரியா புள்ள?" என்று அப்பா சீனித்தம்பி ஒருநாள் கேட்டார். "சரி" என்று இவளும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டாள். லண்டன்காரனோ போனில் வந்தால் தன் காரைப் பற்றி மட்டுமே பேசுவான்.

சிவதர்ஷன் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினான். உள்ளே ஒரு காய்ந்த செவ்வந்திப்பூ. மதர்போர்ட் முழுக்க மஞ்சள் கறை. அங்கங்கே குங்குமம் வேறு!

"வாணி விழாப் பூசை பலம்போல? எல்லாம் இரிக்கு... அவல் கடலதான் இல்ல!" என்று சிரித்தான். கடையில் காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

கேதீஸ்வரிக்கு முகம் எரிந்தது. "திருத்தத் தெரிஞ்சாத் திருத்துங்க. இல்லாட்டித் தாங்க, கொண்டு போறன். இது ஓடாட்டி என்ட கடையும் போயிரும், லண்டனுக்குக் கட்டியும் குடுத்துருவாங்க. உங்களுக்குச் சிரிப்பு!"

கன்னத்தில் வழிந்தது மழைநீர் மட்டுமல்ல என்பது அவனுக்குத் தெரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்க... ஹார்ட் டிஸ்க் தப்பியிரிக்கு. நீங்க செஞ்ச காட் ஒண்டும் அழியல்ல. போர்ட்தான் செத்துட்டு. இந்த வகை இப்ப வாறதில்ல. வேற வகையப் போட்டா உங்கட பழைய சொப்ட்வெயார் ஓடாது."

"அப்ப...?"

"தேடிப் பாக்கிறன்."

அந்த வாரமே போன் வந்தது. கொழும்பிலிருந்து போர்ட் கிடைத்துவிட்டதாம். கடைக்குப் போனவளின் முன்னால் திரை ஒளிர்ந்தது. பாதியில் விட்டிருந்த காட் அப்படியே வந்து நின்றது. அவள் கண்களும் ஒளிர்ந்தன. அவன் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒயரைச் சுருட்டுகிற சாட்டில் குனிந்துகொண்டான். அவளுக்கு அன்றைய சிரிப்பு இன்னும் உறுத்தியது. கூலியைக் கொடுத்து, விறைப்பாக ஒரு நன்றி சொல்லிப் பெட்டியோடு வந்துவிட்டாள்.

"லண்டனுக்கு என்ன புள்ள சொல்ல?"

"பெட்டி ஓடுதுப்பா. வேற இடம் பாக்கச் சொல்லுங்க."

எல்லாம் சரி. கிழிந்த அந்தச் சட்டை மட்டும் அவளை விடவில்லை. நீல நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கினாள். 'கடன் வைக்கக்கூடாது, அவ்வளவுதான்' என்று மனதுக்குச் சொன்னாள். மனம் நம்பவில்லை.

அடுத்த மழைநாளில் மீண்டும் அதே கடை. சிவதர்ஷன் தனியாக இருந்து பில் ஒன்றைக் கையால் எழுதிக்கொண்டிருந்தான். அருகே அவனுடைய திரை கறுப்பாகக் கிடந்தது. மேசைக்குக் கீழே அவனுடைய பெட்டி, பக்கத்தகடு கழன்று... உள்ளே மதர்போர்ட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒருமுறை தன் பெட்டியின் உள்ளே பார்த்தவளுக்கு அது விளங்காதா?

"கொழும்பிலயிருந்து வந்த எண்டீங்க?"

அவன் திடுக்கிட்டு எழுந்தான். "ஓம்... அது..."

"உங்கட பெட்டிக்குள்ளயா கொழும்பு இரிந்த?"

பிடிபட்டுவிட்டான். "ரெண்டும் ஒரே வகை. வேற எங்கயும் கிடைக்கல்ல. என்ட வேலைய நான் கையால செய்வன். உங்கடதான் ஓடணும்."

"ஏன்?"

கூரையில் மழை கொட்டியது. அவன் காதுகள் சிவந்தன.

"ஓடாட்டி... நீங்க லண்டனுக்குப் போயிருவீங்களே."

அவள் கையிலிருந்த சட்டைப் பொதி மேசைக்கு எப்படிப் போனதென்று அவளுக்கே தெரியாது. வீறாப்பும் அதோடு இறங்கிவிட்டது.

"நானும் ஒண்டு சொல்லணும். மஞ்சள் தண்ணி ஊத்தினது நான்தான்... ஒரு செம்பு."

"ஒரு செம்பா! தெளிச்சதெண்டல்லவா நினைச்சன்!"

இப்போது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு உறுத்தவில்லை, இனித்தது.

"கேதீஸ்வரி..." முதன்முறையாகப் பெயர் சொன்னான். "எங்கட ஊருகள்ல கல்யாணம் முடிச்சா மாப்பிள்ளதானே பொம்புள வீட்ட போறது. என்ட போர்ட் முன்னுக்கே போயிட்டு... மறுகா நானும் வரட்டா?"

பெரிய கண்கள் தரையைப் பார்த்தன. பிறகு அவனைப் பார்த்தன.

"அப்பா பின்னேரத்தில வீட்டதான் இரிப்பார்" என்றாள் மெல்ல. "புதுச் சட்டையப் போட்டுக்கு வாங்க."

சொன்ன வெட்கத்தில் விறுவிறுவென்று வீதிக்கு இறங்கிவிட்டாள். குடை கையில் மடங்கியபடியே இருந்தது. விரிக்கும் ஞாபகமே இல்லை. ஐப்பசி மழை அவளைத் தேடிக்கொண்டு வந்தது.