ஆறு மணிக் குரல்

ரெஜிஸ் பேசுவதற்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. அதற்குள் அந்த ஒலிப்பெட்டியை எப்படியாவது வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று ஜெசிந்தா தவித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் பர்னபாஸ். அவளுடைய மாமனார் சூசை மிக்கேலோடு தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டார் என்றால் கடப்பாரையை வைத்து நெம்பினாலும் நகரமாட்டார். இன்று சூசைக்கு எழுபது வயது. ஒரு கையில் கேக்கும் இன்னொரு கையில் தேங்காய் அளவில் கறுப்பான ஒரு பெட்டியுமாகப் பர்னபாஸ் வந்து இறங்கிவிட்டார்.

"கிரேன் சத்தத்துல ஒனக்குப் பாதிக் காது போச்சு. உள்ளே கெடக்க அந்தக் கருவி எலி மாதிரிப் பேசுது. ஒம் மவன் பேசுறதுல பாதி ஒனக்கு எங்க கேக்கப் போவுது? இத அதோட சேத்துட்டா தெருமுக்கு வரைக்கும் கேக்கும்ல!" என்றார் பர்னபாஸ்.

"தெருமுக்கு வரைக்கும் கேட்டு என்ன செய்ய? எனக்குக் கேக்குறது போதும். எடுத்துட்டுப் போயிருல" என்றார் சூசை.

ஜெசிந்தாவுக்கு அப்பாடா என்றிருந்தது. மாமாவே வேண்டாம் என்கிறார். "ஆமா மாமா, அவருக்கு இரைச்சல் ஆகாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க" என்று அவளும் பர்னபாஸிடம் தன் பங்குக்குச் சேர்த்துச் சொன்னாள்.

"சும்மா இரு பிள்ள. கப்பல் இரைச்சல்லயே வளந்தவன் இவன்" என்று சொல்லிக்கொண்டே பர்னபாஸ் பெட்டியின் பொத்தானை அமுக்கினார். நீல விளக்கு மினுக்கத் தொடங்கியது.

'இல்லக்குரல்' என்ற கருவி இல்லாத வீடு இப்போது ஊரில் கிடையாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், கதவு திறக்கும், மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தும். இதெல்லாம் பழைய கதை. ஆறேழு வருடமாக அது இன்னொன்றும் செய்கிறது. ஒருவர் அந்த வீட்டில் பேசிய பேச்சையெல்லாம் உருக்கி ஊற்றி, அவர் குரலையே அச்சாக வார்த்துக் கொடுத்துவிடும். வார்ப்புக் குரல். வேலையாக இருக்கிற மகனுக்குப் பதில் அம்மாவிடம் அது பேசும். தூங்குகிற கணவனுக்குப் பதில் மனைவிக்கு உம் கொட்டும். ஆட்கள் முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

ஜெசிந்தா பழகிக்கொண்டது வேறு காரணத்துக்காக. ரெஜிஸ் நடுக்கடலில், ஆழ்கடல் சுரங்கத்தில் வேலை பார்த்தான். மூன்று வருடத்துக்கு முன் சுரங்கம் இடிந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை. கம்பெனியிலிருந்து அவளுக்கு மட்டும் செய்தி வந்த அன்று மாமனார் இதய அறுவை முடிந்து, உடம்பெல்லாம் குழாயோடு கிடந்தார். "ஆறு மாசத்துக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது, தாங்க மாட்டாரு" என்றார் மருத்துவர். கடலடியிலிருந்து படம் வராது, குரல் மட்டும்தான் வரும் என்பது வசதியாகப் போயிற்று. ரெஜிஸின் குரலை வார்த்து, தினமும் மாலை ஆறு மணிக்கு மாமாவின் அறையில் பேசவைத்தாள்.

ஆறு மாதம் மூன்று வருடமாகிவிட்டது. இன்று சொல்வோம், ஈஸ்டர் கழியட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளித் தள்ளி, இனி சொல்லவே முடியாது என்ற இடத்துக்கு வந்து நின்றாள். கழுத்தில் தாலியோடு அலுவலகம் போனாள், வந்தாள். புருஷனுக்கு ஒரு பூசை வைக்கக்கூட உள்ளூர் மாதா கோயிலில் முடியாது, பெயரை வாசித்துவிடுவார்களே! மணப்பாடு வரை பஸ் ஏறிப் போய், தெரியாத பங்குச் சாமியாரிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த ஆறு மணிதான். மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பாள். ரெஜிஸின் குரல், மாமாவின் சிரிப்பு, மறுபடி ரெஜிஸ். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும். பாவம் செய்தாலும் ஒரு கிழவனை வாழவைக்கிறோம் என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வாள்.

இப்போது இந்தப் பெட்டி. வார்ப்புக் குரலைப் பதிகிறபோதே அவளிடம் விதியைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கருவி தன் சொந்த வாயால் வீட்டுக்குள் பேசும்வரை அது குடும்ப விஷயம். வேறு ஒலிப்பெட்டி வழியாக வெளியே வந்தால், இது வார்ப்பு என்று முதலில் அறிவித்துவிட்டுத்தான் பேசும். ஒரு தேர்தலில் செத்துப்போன வேட்பாளர்கள் மூன்று பேர் மேடைக்கு மேடை ஒலிபெருக்கியில் ஓட்டுக் கேட்ட கூத்துக்குப் பிறகு வந்த சட்டம். அதை மீறவோ நிறுத்தவோ வழியே இல்லை.

"இணைக்கக் கடவுச்சொல் வேணும் மாமா. அது எனக்கு மறந்துபோச்சு" என்றாள் ஜெசிந்தா. 

"கடவுச்சொல் எதுக்கு? குரல் போதுமே."

"அது எங்க ரெண்டு பேரு குரலுக்குத்தான் கேக்கும்."

பர்னபாஸ் சிரித்தார். ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து ஐம்பத்தாறு. பேசிப் பயனில்லை, கருவியையே அணைத்துவிட வேண்டியதுதான் என்று மாமாவின் அறைக்குள் ஓடினாள். மேசைமேல் இருந்த இல்லக்குரலின் மின்கம்பியைப் பிடுங்கினாள். அது அசரவில்லை. உள்ளே மின்கலம் இருந்தது. அடியில் இருந்த பொத்தானை விரல் நோகும்வரை அமுக்கிப் பிடித்தாள், அப்போதும் அணையவில்லை.

கூடத்திலிருந்து பர்னபாஸின் குரல் கணீரென்று வந்தது. "இல்லக்குரலே, இந்தப் பெட்டியோட சேந்துக்கோ!"

"வணக்கம் பர்னபாஸ். வெளி ஒலிப்பெட்டி இணைக்கப்பட்டது" என்றது கருவி.

ஜெசிந்தா பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவள் அறியாத ஒன்று இருந்தது. கிரேன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேலே கூண்டில் இருக்கும்போது நெஞ்சடைத்து விழுந்தால் யார் ஏறி வந்து திறப்பது? அதனால் ஒவ்வொருவனும் தன் கூண்டுச் சாவியில் ஒன்றைக் கூட்டாளியிடம் கொடுத்துவைப்பான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அறுவைக்குப் போகும் முன் சூசை தன் வீட்டுக் கருவியில் கூட்டாளியின் குரலையும் சாவியாகப் பதிந்துவிட்டுத்தான் போயிருந்தார்.

"ஏல, கேளாம எதுக்குல சேத்த?" சூசை எழுந்தே விட்டார். ஜெசிந்தா அவரை இவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. "கழட்டுல அத! நான் உள்ள போயி எப்பவும் போலப் பேசிக்கிடுதேன்."

"உள்ள எதுக்குப் போவ? இங்கன உக்காரு. மருமவளும் கேக்கட்டும், நானும் கேக்கேன்" என்று பர்னபாஸ் அவரைத் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தார்.

ஜெசிந்தா ஓடிவந்து பெட்டியைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அதற்குள் மணி ஆறாகிவிட்டது.

பெட்டி அவள் கைக்குள்ளேயே அதிர்ந்தது. "அறிவிப்பு" என்றது, வீடு முழுக்க நிறைகிற குரலில். "இனி வருவது வார்ப்புக் குரல். குரலுக்கு உரியவர் ரெஜிஸ் மிக்கேல். இவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார்."

பர்னபாஸ் வாயைப் பிளந்தபடி நின்றார். ஜெசிந்தா பெட்டியைக் கீழே போட்டுவிட்டு மாமாவின் காலடியில் விழுந்தாள். அவர் நெஞ்சைப் பிடிக்கிறாரா, மூச்சு இருக்கிறதா, அதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. "மாமா, மூச்சு விடுங்க மாமா. மாத்திரை எடுத்துட்டு வாரேன். என்னை அடிங்க, என்ன வேணா செய்யுங்க, மூச்ச மட்டும் விடுங்க!"

சூசை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. பிடிபட்டவன் முகம் போல இருந்தது.

பெட்டி தொடர்ந்தது. "அறிவிப்பு. இந்த உரையாடலில் இரண்டாவது வார்ப்புக் குரலும் உள்ளது. குரலுக்கு உரியவர் சூசை மிக்கேல். இவர் உயிருடன் உள்ளார்."

"அப்பா, சாப்டீங்களா?" என்று ரெஜிஸ் கேட்டான்.

"சாப்டேன்ல. சீலா மீன் கொழம்பு. ஒம் பொண்டாட்டி கைப்பக்குவம் சொல்லணுமா?" என்று சூசையின் குரல் பெட்டியிலிருந்து கடகடவென்று சிரித்தது. நாற்காலியில் இருந்த சூசை உதட்டைக்கூட அசைக்கவில்லை.

"சூசை... நீ இங்கல்லா இருக்க" என்றார் பர்னபாஸ் மெதுவாக.

இரண்டு குரல்களையும் தள்ளிவிட்டு அறிவிப்பு மறுபடி வந்தது. "இந்த உரையாடலில் நேரில் பேசும் மனிதர் எவருமில்லை. வெளி ஒலிப்பெட்டியில் வரும் ஆளற்ற உரையாடல்களின் வார்ப்புகளை விதிப்படி அழிக்க வேண்டும். உரையாடல் வேண்டுமென்றால், வீட்டில் உள்ள ஒருவர் 'தொடர்க' என்று சொல்லவும். அறுபது விநாடிகள் உள்ளன."

ஜெசிந்தா தலையைத் தூக்கினாள். "எப்பயிருந்து மாமா ஒங்களுக்குத் தெரியும்?"

"மொத மாசமே தெரியும் பிள்ள." சூசையின் குரல் கரகரத்தது. இது பெட்டிக் குரல் அல்ல, கிழடு தட்டிய நிஜக் குரல். "அவன் நான் சொன்ன எல்லாத்துக்கும் 'சரிப்பா, சரிப்பா'ன்னான். எம் மவன் பொறந்ததுலருந்து எனக்கு ஒருநாளு சரின்னு சொல்லியிருக்கானா? சண்டக்காரப் பய. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இது அவன் இல்லன்னு."

"பொறவு ஏன் பேசுனீய?"

"நான் எங்க பேசுனேன்? நாலு மாசம் பேசிப் பாத்தேன், முடியல. நீ கதவுகிட்ட வந்து நிக்கிறது எனக்குத் தெரியும், கீழ நெழலு விழும்லா. நான் சிரிச்சாத்தான் நீ ரெண்டு வாய் சோறு திங்க. அதான் என் குரலயும் வாத்து உள்ள விட்டுட்டு, நான் ரூமுக்குப் பின்வாசப் படியில போயி உக்காந்துக்கிடுவேன்."

முப்பது விநாடி என்றது பெட்டி.

இரண்டரை வருடத்துக்கு மேலாக, சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்த அறையில் யாருமே இல்லை. இரண்டு வார்ப்புகள் ஒன்றையொன்று நலம் விசாரித்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஒருத்தி இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். ஒருவர் அந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து தனியாக அழுதிருக்கிறார். நடுவில் பத்தடி தூரம்தான். ஜெசிந்தாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின.

"ஜெசி எப்படி இருக்காப்பா?" என்று ரெஜிஸ் கேட்டான்.

"அவளுக்கென்ன, சந்தோசமாத்தான் இருக்கா" என்றது வார்ப்புச் சூசை.

பத்து விநாடி.

"ஒனக்கு வேணும்னா சொல்லிரு பிள்ள" என்றார் சூசை. "எனக்காவ வேண்டாம்."

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரெஜிஸின் குரல் இனி உலகத்தில் எங்குமே இருக்காது. ஆனால் அவளும் யாருக்காகத்தான் சொல்வாள்? மாமாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"அப்பா? கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?" என்றது ரெஜிஸின் குரல். பிறகு ஒன்றும் வரவில்லை. நீல விளக்கு அணைந்தது.

முதலில் உடைந்தவர் சூசைதான். எழுபது வயது மனிதர் வாய்விட்டு, ஊரைக் கூட்டுகிற மாதிரி, "ஐயோ எம் மவனே" என்று அலறினார். ஜெசிந்தா மூன்று வருட அழுகையையும் அவர் மடியில் கொட்டினாள். மருத்துவர் பயந்த அந்த நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, ஆனால் நிற்கவில்லை.

எவ்வளவோ நேரம் கழித்துச் சூசை முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பர்னபாஸு, கோயில்ல போயி துக்க மணி அடிக்கச் சொல்லுல. எம் மவன் செத்துட்டான்னு சொல்லு."

பர்னபாஸ் தலையசைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். ஜெசிந்தா தரையில் கிடந்த பெட்டியை எடுத்துத் துடைத்து அவரிடம் நீட்டினாள். "இது இனி எங்களுக்கு எதுக்கு மாமா? நீங்க ஒங்க வீட்டுக் கருவியோட சேத்துக்கிடுங்க. கனடாவுலருந்து ஒங்க மவ தெனமும் பேசுதாள்லா, நல்லாக் கேக்கும்."

பர்னபாஸ் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேண்டாம் பிள்ள" என்றார். "அவ எட்டு மணிக்குக் கூப்பிடுவா. அந்தச் சின்னச் சத்தமே எனக்குப் போதும்."

பிறகு படியிறங்கி, கோயில் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.