நுஹா 3.55க்கு வெளியேறினாள்!

"நுஹா...!"

அந்த அலறலில் முகில் பூங்கா ஒரு விநாடி உறைந்தது.

சேதுராமன் மட்டும் உறையவில்லை. அவர் அப்போது ஒரு வெள்ளைக்காரரிடம் படிவத்தை நீட்டி, கைப்பட்டி அணிந்த அனுபவம் மிக நன்றா, நன்றா, சுமாரா, மோசமா என்று ஆங்கிலத்தில் திக்கிக்கொண்டிருந்தார்.

படிவத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

வெள்ளைக்காரர் நன்றியோடு நழுவினார்.

சேதுராமனுக்கு வயது நாற்பத்தெட்டு. முந்நூறு க்ரைம் நாவல் வாசித்தவர். இதுவரை ஒரு குற்றத்தையும் நேரில் பார்க்கக் கொடுத்து வைக்காதவர்! அம்பிட்டிய மேட்டிலிருந்த அந்தப் பூங்காவில், வருகிறவர்களிடம் கைப்பட்டியைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதுதான் அவர் வேலை. நாளொன்றுக்கு நூறு படிவம். அவற்றை யாரும் வாசிப்பதில்லை.

அவரும் வாசிப்பதில்லை!

பூங்காவுக்குள் வரும் ஒவ்வொருவர் கையிலும் வாசலிலேயே ஒரு நீலப் பட்டியை மாட்டிவிடுவார்கள். உள்ளே அரிசி மணியளவு ஒரு சில்லு. ராட்டினத்தில் ஏற வேண்டுமா? பட்டியை இயந்திரத்தில் தொட வேண்டும். வெளியே போக வேண்டுமா? தொட வேண்டும். யார் எங்கே எத்தனை மணிக்குத் தொட்டார் என்பது கட்டுப்பாட்டு அறைத் திரையில் விழும்.

அலறிய றம்லத் அந்த அறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது. கையில் பிள்ளையின் சிவப்புச் செருப்பு ஒன்று.

"என்ட மகளக் காணல்ல! ஆறு வயசு! அவளுக்கு எளப்பு ஈக்கி... அழுதா மூச்சு வாங்கும். பம்ப் என்ட பேக்ல ஈக்கி!"

திரைக்கு முன்னால் இருந்தவள் லோஜினி. யாழ்ப்பாணத்துப் பெண்.

"பதறாதேங்கோ அக்கா. பேண்ட் கையில இருக்குத்தானே? ரெண்டு நிமிசத்தில எங்க நிக்கிறா எண்டு சொல்லுறன்."

தட்டினாள்.

அவள் முகம் மாறியது.

"சேர்... நுஹா வெளிய போயிட்டா. மூண்டு அம்பத்தஞ்சுக்கு!"

"தனியாவா?" சேதுராமனின் குரலில் பயமும் இருந்தது. சொல்ல வெட்கம்தான், கொஞ்சம் ஆர்வமும் இருந்தது.

"பிள்ளையள் தனியப் போக ஏலாது சேர். தாய் தகப்பன்ட பேண்டும் தொட்டாத்தான் கேட் திறக்கும். இவ தகப்பனோடதான் போயிருக்கிறா. ஹபீல் எண்டு காட்டுது."

றம்லத் சுவரில் சாய்ந்தாள். "அல்ஹம்துலில்லாஹ்... வாப்பாவோடயா போனா! ஒரு வார்த்த சென்னா என்ன அந்த மனிசன்?"

கதவு திறந்தது.

தூறலில் நனைந்து, மூச்சிரைக்க, ஒரு மனிதர் உள்ளே வந்தார்.

"றம்லத்! புள்ள கெடச்சாளா?"

ஹபீல்!

"நீங்க... வெளிய போகல்லயா?"

"நான் எங்க போற? ஐஸ்கிரீம் கடையடில எல்லாம் தேடிட்டு வாறேன்!"

அவர் மணிக்கட்டில் நீலப் பட்டி பத்திரமாக இருந்தது.

க்ரைம் நாவல் என்றால் இந்த இடத்தில் மின்சாரம் போயிருக்கும். போகவில்லை.

சேதுராமன் மெதுவாகத் திரும்பினார். இந்த வசனத்தைச் சொல்ல அவர் இருபது வருடங்கள் காத்திருந்தார்.

"கள்ள பேண்ட்! யாரோ ஒருத்தன் இவரோட பேண்ட் மாதிரியே இன்னொண்ணு செஞ்சு, புள்ளயக் கடத்திட்டான்!"

றம்லத் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். தன் வசனம் இப்படி ஒரு தாயின் மேல் போய் விழும் என்று சேதுராமன் நினைக்கவில்லை. நாவல்களில் அந்தப் பக்கத்தை அவர் எப்போதும் வேகமாகப் புரட்டிவிடுவார்.

காவல் பொறுப்பாளர் அழகர் ஓடி வந்தார்.

"அழகர்! எல்லாத்தையும் நிறுத்துங்க! ரயில், படகு, ராட்டினம்... ஒண்ணும் ஓடக் கூடாது! யாரும் ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது!"

"எறங்கவுமா சார்?"

"எறங்கவும்தான்! கூட்டாளி உள்ளுக்கு இருக்கலாம்!"

"மெனேஜர் கொழும்புல சார். ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"மெனேஜர் எத்தன க்ரைம் நாவல் படிச்சிருக்காரு?"

அழகர் வோக்கிடோக்கியை எடுத்தார்.

பூங்கா நின்றது.

வாசல் கேமராவில் 3.55 மணி. ஒரு குடை. குடைக்குக் கீழே ஓர் ஆணின் கால்கள், ஒரு சிறுமியின் கால்கள். இருவரும் ஏறியது ஒரு வெள்ளை வேன்!

இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஆட்களைக் கடத்திப்போன வண்டிக்கு அந்த இரண்டு சொற்கள்தான் பேர். சேதுராமன் உடனே பொலிசுக்கு அழைத்தார். வேன் இலக்கத்தைச் சொன்னார்.

பிறகு தடயம் தேடி வெளியே நடந்தார். படகுக் குளத்தைச் சுற்றினார். ஓர் ஐஸ்கிரீம் குச்சியைக் கைக்குட்டையால் எடுத்துப் பையில் போட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

பெரிய ராட்டினம் தூறலில் அசையாமல் நின்றது. உச்சிக் கூண்டிலிருந்து ஓர் அம்மா சிவப்புச் சால்வையை வீசி வீசி எதையோ கத்தினார். ஒலிபெருக்கிப் பாட்டில் எதுவும் கேட்கவில்லை.

பொதுமக்களின் ஆதரவு சேதுராமனுக்குத் தெம்பளித்தது. கையை உயர்த்தி ஆட்டினார்.

"பொறுங்கம்மா! விசாரண நடக்குது!"

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பாவம், கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு சேதுராமன் நகர்ந்தார்.

மணி 4.40.

றம்லத்துக்கு யாரோ பிளேன்டீ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அது ஆறிப்போயிருந்தது. அவள் கையிலிருந்த இழுப்பு மருந்துப் பம்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"நானா," என்றாள் சேதுராமனிடம், மிக மெல்ல. "இதுல ரெண்டு தடவ அமத்தோணும். கெடச்சா... எனக்கு வர நேரமாகினா... நீங்க அமத்தி விடுங்க. ரெண்டு தடவ."

சேதுராமன் பம்பைப் பார்த்தார்.

பையில் இருந்த ஐஸ்கிரீம் குச்சி அவரைக் குத்தியது. கண்ணை மூடிக்கொண்டார். முருகா, எனக்கு ஒரு பேரும் வேண்டாம். நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். பிள்ளையை மட்டும் காட்டு.

அந்த வேண்டுதலின் இரண்டாவது வரி உடனே நிறைவேறத் தொடங்கியது.

தொலைபேசி!

"சேர், வேனைப் புடிச்சிட்டோம்!" இன்ஸ்பெக்டரின் குரல். "தென்னக்கும்புறயில, தேத்தண்ணிக் கடையடியில. ஆள் பேர் ஸிபான். ஆனா புள்ள தன்னோட புள்ளன்னு சொல்றான். பேர் பர்ஹானாவாம்."

"நல்லா நடிக்கிறான் சேர்! விடாதீங்க!"

"புள்ளயும் அவன வாப்பான்னுதான் கூப்பிடுது."

"அதுவும்..." சேதுராமன் நிறுத்தினார்.

லோஜினி திரும்பிப் பார்த்தாள். "பிள்ளையும் நடிக்குதோ சேர்?"

இன்ஸ்பெக்டர் படம் அனுப்பினார். றம்லத் ஒரே பார்வைதான் பார்த்தாள்.

"இது என்ட மகள் இல்ல."

"சேர்," என்றார் சேதுராமன், "அந்தப் புள்ள கையில நீலப் பட்டி இருக்கா?"

"இருக்கே. ரெண்டு பேர் கையிலயும் இருக்கு. கழட்டிக் குடுக்க மறந்துட்டாங்களாம்."

போனவர்கள் ஸிபானும் பர்ஹானாவும். திரை சொல்வது ஹபீலும் நுஹாவும்!

"அப்ப பேண்ட் மாறிப் போச்சுது," என்றாள் லோஜினி. "ஆனா எப்பிடி? குளிக்கேக்கையும் கழட்ட வேண்டாம் எண்டுதானே எல்லாருக்கும் சொல்லுறம்? எங்க கழட்டியிருப்பினம்? உங்களுக்குத்தான் தெரிய வேணும் சேர். நாள் முழுக்க ஆக்களிட்ட பேண்ட பத்தித்தானே கேக்கிறியள்?"

கேட்கிறார்தான். பதிலை வாசித்தால் அல்லவா தெரியும்!

அலுமாரியைத் திறந்தார். மூன்று மாதத்துப் படிவங்கள் காலில் வந்து கொட்டின. தரையில் உட்கார்ந்து முதல் தடவையாக வாசித்தார்.

"கை அரிக்குது. மோசம்."

"நான் எங்கே சுத்துகிறேன் என்று மனைவி பார்க்கிறாள். மிக மோசம்."

"மகன் தொலைந்தான், மூன்றே நிமிடத்தில் கிடைத்தான். இதைச் செய்தவர் கை நோகாமல் இருக்கட்டும். மிக நன்று."

"மாடுகளுக்குக் காதில் போடுவது போல் இருக்கிறது. சுமார்."

பிறகு ஒரு படிவம். பச்சை மையில், அழகான கையெழுத்தில்.

"தொழுகை அறையில் ஒளு செய்ய, அதாவது தொழுமுன் கை முகம் கழுவ, மணிக்கட்டு நனைய வேண்டும். அதனால் பட்டியைக் கழற்றுகிறோம். வைக்க இடமில்லை. சவர்க்காரத் தட்டில் எல்லோருடையதும் ஒன்றாகக் கிடக்கிறது. தயவுசெய்து சுவரில் நாலு ஆணி அடித்துத் தரவும்."

அதே கோரிக்கை இன்னொன்றில். இன்னொன்றில்...

பதினொரு பேர் எழுதியிருந்தார்கள்!

பதினொன்றின் மேலும் "இதர" என்று குறித்திருந்தது. வாசிக்காமலே போட்ட சேதுராமனின் கையெழுத்து!

நாலு ஆணி. அடிக்க அரை மணி நேரம் போதும்.

"ஹபீல் நானா! அஸர் தொழுதீங்களா?"

"தொழுதேன்..."

"பட்டிய?"

"ஒளு எடுக்கக் கழட்டி சவர்க்காரத் தட்டுல வச்சேன். நுஹாவும் என்னப் பாத்துக் கழட்டினா. பக்கத்துல இன்னொரு வாப்பாவும் மகளும் நின்டாங்க..." அவர் வாய் திறந்தபடியே நின்றது.

சேதுராமன் அவர் கையைப் பிடித்து இழுத்து, மேசையிலிருந்த இயந்திரத்தில் பட்டியைத் தொட்டார். முதல் நிமிடத்திலேயே செய்திருக்க வேண்டிய காரியம்!

திரை மலர்ந்தது.

"நல்வரவு, ஸிபான்!"

"லோஜினி! நுஹாவத் தேடாதம்மா! பர்ஹானாவத் தேடு!"

விரல்கள் பறந்தன.

"பர்ஹானா... கடைசியாத் தொட்டது நாலு நாலுக்கு. பெரிய ராட்டினம். ஏறினது இருக்கு சேர்..."

"எறங்கினது?"

"இல்லை."

நால்வரும் ஜன்னல் வழியாக மேலே பார்த்தார்கள்.

சிவப்புச் சால்வை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

சேதுராமன் ஓடினார். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. பம்ப் அவர் கையில் இருந்தது. எப்போது வாங்கினார் என்று தெரியவில்லை.

"எறக்கு! எறக்கு!"

ராட்டினம் ஓட்டுபவர் விறைப்பாக நின்றார். "எறக்கக் கூடாதுன்னு ஓடர் சார்!"

"அந்த ஓடரப் போட்ட மடையன் நாந்தான்! எறக்குய்யா!"

ராட்டினம் முனகியது. சுழன்றது. உச்சிக் கூண்டு கீழே வந்தது.

உள்ளே சால்வைக்காரம்மா. அவர் மடியில், முந்தானைக்குள் கதகதப்பாக, கச்சான் கடலை கொறித்துக்கொண்டு... நுஹா!

மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"உம்மா! எல்லா மலையும் பாத்தேன்!"

றம்லத் பிள்ளையை வாரி எடுத்த விதத்தைப் பார்க்காமல் எல்லோரும் வேறு பக்கம் திரும்பினார்கள். ஹபீல் முகத்தைத் துடைத்தார். தூறல்தான் என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அந்த அம்மாவின் பெயர் இராஜேஸ்வரி. பன்விலத் தோட்டத்திலிருந்து சுற்றுலா வந்தவர்.

"அம்பது நிமிசமா தொண்ட கிழியக் கத்துறேன்! கீழ இந்த ஐயா டாட்டா காட்டிட்டுப் போறாரு!"

"ஏம்மா மேல கூட்டிட்டுப் போனீங்க?" என்றார் அழகர்.

"புள்ள ஒத்தச் செருப்போட நின்னு அழுதுச்சு. மூச்சு வேற இழுத்துச்சு. உம்மா எங்கன்னா தெரியலங்குது. மேல போனா முழு எடமும் தெரியுமே, அங்கேர்ந்து காட்டும்மான்னு கூட்டிட்டுப் போனேன். நெஞ்சத் தடவிக்கிட்டே போனேன், இழுப்பும் நின்னுச்சு. மேல போனதும் அந்தா உம்மான்னு காட்டியும் குடுத்துருச்சு! ஒரு சுத்துல எறங்கியிருப்போம். அதுக்குள்ள எவனோ ஒரு அறிவு கெட்டவன் நிறுத்திப்புட்டான்!"

யாரும் சேதுராமனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் எடுத்துக்கொண்ட சிரமத்துக்காக அவர் மனதுக்குள் ஒவ்வொருவரையும் வாழ்த்தினார்.

"அம்மா, உங்க கையில இருக்க பட்டி... அதப் பத்தி உங்க அபிப்பிராயம்?" பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்.

"இதுவா? நல்லாத்தான் இருக்கு தம்பி. புள்ள எங்க நின்னுச்சுன்னு சொல்லும்போல. அழுதுச்சுன்னு சொல்லாது. அதுக்கு யாராச்சும் திரும்பிப் பாக்கணும்."

சேதுராமன் அதை எழுதிக்கொண்டார். இந்த முறை "இதர"வில் போடவில்லை.

சட்டைப் பையில் தொலைபேசி மறுபடி ஒலித்தது. மறுமுனையில் ஸிபான். கால் மணி நேரம் கடத்தல்காரனாக வீதியில் நிறுத்தி வைக்கப்பட்ட மனிதர். சேதுராமன் திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நானா, அந்தப் புள்ள கெடச்சிட்டாளா?"

அது மட்டும்தான் கேட்டார்.

"கெடச்சிட்டா... கெடச்சிட்டா நானா. மன்னிச்சுக்கங்க."

"அது போதும். அல்லாஹ் காப்பாத்தினான்."

பிறகு இன்ஸ்பெக்டர் வாங்கினார். அவருக்கு மன்னிப்பு போதவில்லை.

"சேர், இதெல்லாம் சரி. ரிப்போர்ட் ஒண்ணு திறந்திருக்கேன். அம்பது நிமிசம் ஒரு புள்ளய அடைச்சு வச்சிருக்கு. அடைச்சது யார்? பேர் வேணும்."

சேதுராமன் நிமிர்ந்தார். குற்றவாளியின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை.

"சேதுராமன்னு எழுதுங்க சேர்."

"ஆள் ஓடிட்டானா?"

"இங்கதான் நிக்கிறான். வந்து கூட்டிட்டுப் போங்க. விலங்கு மட்டும் கொண்டு வராதீங்க சேர்... ஏற்கனவே எல்லார் கையிலயும் ஒண்ண மாட்டிவிட்டு, எப்படி இருக்குன்னு ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட என்னக் கேக்கச் சொல்லியிருக்காங்க!"