முந்திரிக்காட்டு கேட்

இன்று அவள் இடுப்பில் குழந்தை இல்லை.

சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக நின்றிருந்த கார்டு அடைக்கலசாமிக்கு அது உறுத்தியது. அரியலூரை விட்டுச் செந்துறை தாண்டியதும் வரும் முந்திரிக்காட்டு ரயில்வே கேட்டில், கேட்காரன் மனைவி தினமும் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டுவாள். அவர் பச்சைக்கொடியை அசைப்பார். ஒரு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை, பெயரும் தெரியாது. ஆனாலும் பகல் முழுக்க அவருக்கிருந்த மனுஷ உறவு அது ஒன்றுதான். எஞ்சின்காரர்கள் நாற்பது பெட்டிகளுக்கு அப்பால் தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். இன்று அவள் வெறுங்கையோடு அவரையே பார்த்தபடி நின்றாள்.

காலையில் மனைவி மரிய புஷ்பம் கெஞ்சியது நினைவுக்கு வந்தது.

"புள்ளைக்கு ஒடம்பு அனலா கொதிக்குதுங்க. இன்னிக்கு ஒரு நாளு லீவு போடுங்களேன்."

"மாத்து ஆளு இல்ல புஷ்பம். சண்டைக் காலம். சாயங்காலம் வந்துடுறேன்."

மூன்று வயது அருளாயி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

விருத்தாசலத்தில் போர்ட்டர் பாலசுந்தரத்திடம் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தார்.

"முந்திரிக்காட்டு கேட்டுலயா? வாந்திபேதியில தாயும் புள்ளையும் போயி ஒரு மாசமாச்சே. கேட்காரன் ஊருக்கே போயிட்டான். வூடு பூட்டிக் கெடக்கு. ஒங்களுக்கு யாரும் சொல்லலயா சார்?"

யார் சொல்வார்கள்? கடைசிப் பெட்டிக்காரனைத் தேடி வந்து பேச யாருக்கு நேரமிருக்கிறது? நேற்றுகூடக் கொடி அசைத்தேனே என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார்.

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. கரிப்புகையும் வெயிலில் அழுகிய முந்திரிப்பழத்தின் புளித்த வாடையும் பெட்டிக்குள் அடைய, சக்கரங்கள் தடதடக்கும் சத்தத்துக்கு நடுவே ஒரு குழந்தை சிணுங்குவது போலவும் கேட்க, அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

வளைவு. செம்மண் மேடு. பூட்டிய வீடு.

அவள் நின்றிருந்தாள்.

இடுப்பில் குழந்தை.

ஒரு வருஷப் பழக்கம். கை தானாகப் பச்சைக்கொடியைத் தூக்கி அசைத்தது.

குழந்தை முகத்தைத் திருப்பியது.

அருளாயி.

கொடியை உதறினார். சிவப்பைத் தேடினார். "வேணாம்மா! எம் புள்ள! வுட்டுடும்மா!"

உத்தரவு கிடைத்துவிட்டவளாக அவள் தலையசைத்தாள். திரும்பினாள். பூட்டிய கதவு திறந்தது.

முன்னால் எஞ்சின், பச்சையைப் பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்தது. வண்டி வேகம் எடுத்தது.

அவள் தோளுக்கு மேலிருந்து அருளாயி இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டிக்கொண்டே உள்ளே போனாள்.