நிற்கும் அலமாரி, படுத்த அலமாரி

"இதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

சாத்தியிருந்த மருந்துக்கடையின் கூரைக்கு அடியில் மழைக்கு ஒதுங்கியவன், கையிலிருந்த நனைந்த தாளைப் பார்த்துத் திட்டினான். பக்கத்தில் ஒருத்தி நிற்பதை அவன் கவனிக்கவில்லை. அவன் காலடியில் கருவிப்பெட்டி. சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூள் மழையில் கரைந்து பழுப்பாக வழிந்தது.

அவள் ஓரக்கண்ணால் தாளைப் பார்த்தாள். அவள் எழுதிய தாள்.

"கிடைச்சா என்ன செய்வீங்க?"

அவன் திரும்பினான். இமையில் ஒரு துளி தொங்கியது. கோபத்தில் இருக்கும்போதும் சிரிக்கத் தயாராக இருக்கிற கண்கள்... என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"அவன் அலமாரிக்குள்ளேயே அவனைப் போட்டுக் கதவைச் சாத்துவேன். ஆனா சாத்த முடியாது. அதான் பிரச்சினையே."

"ஏன்?"

"படிக்கறேன், கேளுங்க. 'ஃபிக்ஸ் தி ஹூக் ஸ்ட்ரிப் அபவ் தி மிடில் ஷெல்ஃப்.' நடுத்தட்டுக்கு மேல கொக்கிப் பட்டையை அடிக்கணுமாம். அடிச்சேன். கதவுக்கு உள்ள இருக்கற கண்ணாடி வந்து கொக்கியில இடிக்குது. வீட்டுக்காரர் பல் டாக்டர். 'நான் சொல்லாமலே உன் அலமாரி வாயைத் திறந்துக்கிட்டு நிக்குதேப்பா'ன்னு கேக்கறார். மானம் போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அபவ் சரியான வார்த்தைதான். தட்டைத் தொட்டுக்கிட்டு இருந்தா ஆன். தொடாம, தள்ளி மேல இருந்தா அபவ். கொக்கி தட்டுல இடிக்கக் கூடாதில்ல? அதான் நாலு விரல் இடைவெளி."

"தொடாமத்தான் வெச்சேன். நாலு விரல் வெச்சு அளந்து..." அவன் நிறுத்தினான். கண்கள் சுருங்கின. "நாலு விரல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினவன் இல்ல. எழுதினவ."

சொல்லிவிட்டு நிமிர்ந்த தலையோடு மழைக்குள் இறங்கி நடந்தாள். நடந்த வேகத்தில் கையிலிருந்த குடையை விரிக்க மறந்துபோனாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "மேடம்... குடைக்கும் ஒரு ஷீட்டு எழுதி வெச்சுக்கோங்க!"

அவர்கள் இருவரும் வேலை பார்த்த நிறுவனம் மேசை, கட்டில், அலமாரிகளைத் துண்டு துண்டாகச் செய்து பெட்டியில் அடைத்து அனுப்பும். ஃபிட்டர் வீட்டுக்குப் போய்ப் பூட்டிக் கொடுப்பார். பெட்டிகள் எந்தெந்தத் தேசத்துக்கோ போவதால் செய்முறைத் தாள் ஆங்கிலத்தில்தான். அதை எழுதத்தான் அவளை எடுத்திருந்தார்கள். மேலாளர் அவள் அண்ணன். 'அண்ணன் தயவுல வந்தவ' என்று சாப்பாட்டு அறையில் பேசுவது அவள் காதிலும் விழும்.

அதனாலேயே அவள் உழைத்தாள். முன்பு ஒரு நேர்முகத் தேர்வில் 'மேரீட் டு' என்பதற்குப் பதிலாக 'மேரீட் வித்' என்று சொல்லி, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அன்றிலிருந்து இன், ஆன், அட், பை என்று ஒவ்வொன்றையும் மென்று தின்றாள். பிட்வீன் எங்கே, அமங் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இந்த அலமாரித் தாள்தான் அவள் எழுதி அச்சான முதல் தாள். அதில் போய்த் தப்பா?

பல் டாக்டரின் புகார் வந்து, மறுநாள் காலை இருவரும் அண்ணனின் அறையில் நின்றார்கள். ஃபிட்டர்கள் அவனை மரங்கொத்தி என்று கூப்பிடுவது அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. எந்தப் பலகையைத் தொட்டாலும் முதலில் விரல் முட்டியால் தட்டி, ஓசையைக் கேட்டு, 'தாங்கும்' என்று சொல்லிவிட்டுத்தான் திருகாணியை எடுப்பானாம்.

"ஷீட்டுல தப்பு இருக்கா?" அண்ணன் அவளைக் கேட்டார்.

"இல்லண்ணா." பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் சரி.

"அப்போ உன் கை தப்பு," என்று அவன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு இங்கிலீஷ் அரைகுறை சார்," என்றான் மரங்கொத்தி. "கை அரைகுறை இல்ல. போன மாசம் என் இஷ்டத்துக்கு ஒண்ணை மாத்தினேன்னு திட்டினீங்க. ஷீட்டுல இருக்கறதை மட்டும் செய்யின்னீங்க. செஞ்சேன்."

"வாய் மட்டும் நல்லாப் பேசுது. நாளையிலேர்ந்து குடோன்ல பெட்டி தூக்கு. அப்போ எந்த ஷீட்டும் வேண்டாம்."

அவன் எதிர்த்துப் பேசுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ உள்ளங்கையைக் கால்சட்டையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான். அந்தக் கை அவளை என்னவோ செய்தது.

"அண்ணா... இன்னிக்கு ஒரு நாள் விடுங்க. என் கண்ணு முன்னால ஒரு தடவை செய்யட்டும். நான் படிக்கறேன்."

பொருட்களைப் பூட்டிக் காட்டும் மாதிரி அறை. நடுவில் பிரிக்காத பெட்டி. ஜன்னலுக்கு வெளியே தூறல். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி முதல் வரியைப் படித்தாள். அவன் பலகையைத் தட்டினான். காதைச் சாய்த்தான்.

"தாங்கும்."

"பலகையோட பேச்சுவார்த்தையா?"

"சில பேரை விட நல்லாவே பதில் சொல்லும்."

அவள் படிக்கப் படிக்க அவன் செய்தான். கீழே என்றால் கீழே, உள்ளே என்றால் உள்ளே. ஒரு சொல்லைக் கூட அவன் தாண்டவில்லை. எழுதிய வார்த்தைக்கு யாரும் இத்தனை மரியாதை கொடுத்து அவள் பார்த்ததில்லை. பக்கவாட்டுப் பலகைகளைத் தரையில் கிடத்தி, பின்பலகைக்கு மேல் பூட்டினான். அலமாரி மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்தது.

"ஏன் படுக்கப் போட்டீங்க?"

"நிக்க வெச்சுப் பூட்டினா தலையில விழும் மேடம். எந்த அலமாரியும் படுத்துக்கிட்டுத்தான் பிறக்கும். கடைசியிலதான் எழுந்து நிக்கும்."

அவள் கையிலிருந்த தாள் அப்படியே நின்றது.

"அபவ்... படிங்க மேடம்."

"நீங்களே வைங்க."

அவன் கொக்கிப் பட்டையை எடுத்தான். நடுத்தட்டின் விளிம்புக்கு மேலே, கூரையைப் பார்க்கும் பக்கமாக, நாலு விரல் வைத்து அளந்து பிடித்தான். மேலே. சந்தேகமே இல்லாமல் மேலே. கதவு வந்து இடிக்கப்போகும் அதே இடம்.

அவள் நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் மண்டியிட்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் மனசுக்குள் அந்த அலமாரி எப்போதும் நின்றுகொண்டே இருந்தது. அவன் தரையில் அது படுத்துக் கிடந்தது. அவளுடைய 'மேல்' அலமாரியின் தலைப்பக்கம். அவனுடைய 'மேல்' கதவு வரும் முகப்பக்கம். இருவரும் சரி. அலமாரி மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"என்ன தெரியுது?" அவனும் எதிர்ப்பக்கம் தலையைச் சாய்த்தான்.

தட்டுகளுக்கு நடுவே இரண்டு கண்கள். வெகு பக்கத்தில்... அவள் சொல்ல வந்ததை மறந்தாள். முதலில் கண்ணை எடுத்தது அவன்தான். காது மடல் சிவந்திருந்தது.

"நான் ஒரு அலமாரி கூடப் பூட்டிப் பார்த்ததில்ல," என்றாள் மெல்ல. "அதான் தெரியுது."

அவள் சொல்ல வந்ததை அண்ணன் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"புதுசா வேற ஷீட்டு எழுதிடு. பழைய விஷயத்தைக் கிளறாதே. அவனுக்கு குடோன் ஒண்ணும் கொறைச்சல் இல்ல. நீ எழுதினது தப்புன்னு வெளிய தெரிஞ்சா, தங்கச்சியை உள்ள கொண்டுவந்தேன்னு என் தலையைத்தான் உருட்டுவாங்க."

"நானும் அதுக்குத்தான் பயந்தேன். ஒரு சொல்லும் தப்பில்லன்னு சாதிச்சேன். ஆனா எழுதினது நிக்கற அலமாரிக்கு. அவர் செஞ்சது படுத்த அலமாரிக்கு. பழி மட்டும் ஏண்ணா அவருக்கு?"

"உனக்கென்ன அவன் மேல இவ்வளவு...?"

அவள் மேசையிலிருந்த தொலைபேசியை இழுத்துப் பல் டாக்டரின் எண்ணை அழுத்தினாள்.

"டாக்டர், உங்க அலமாரிக்கு ஷீட்டு எழுதினது நான். ஃபிட்டர் மேல தப்பில்ல. நாளைக்கு அவரே வந்து பட்டையை மாத்திக் குடுப்பார்."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவோட பிடிவாதம் அப்படியே இருக்கு," என்றார். கோபம் பாதி வடிந்திருந்தது.

சாப்பாட்டு அறையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அப்புறம் அலுத்துப்போய் வேறு விஷயத்துக்குத் தாவினார்கள். புது ஏற்பாடு ஒன்று வந்தது. மரங்கொத்தி பூட்டிப் பார்க்காத எந்தத் தாளும் அச்சுக்குப் போகக் கூடாது. அதோடு, எல்லாத் தாளிலும் முதல் வரி, பொருளை எப்படிக் கிடத்த வேண்டும் என்பதுதான்.

மத்தியானங்கள் மாதிரி அறையில் கழிந்தன. சண்டைக்குக் குறைவில்லை.

"உங்க இங்கிலீஷ்ல எல்லாமே தலைகீழ் மேடம். நாம மேசைன்னு சொல்லிட்டு மேலன்னு சொல்றோம். அவங்க மேலன்னு சொல்லிட்டு அப்புறம் மேசைங்கறாங்க. சாமானே இல்லாம மேலன்னா, நான் எங்க பார்க்க?"

"கொஞ்சம் பொறுமையாக் கேட்டா சாமான் வரும்."

"பொறுமையாத்தான் இருக்கேன்..." என்றான். இது அலமாரியைப் பற்றிய பேச்சு இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. இருவரும் திருகாணி தேடினார்கள்.

ஒரு நாள் இருவர் உட்காரும் பெஞ்சு. பூட்டி முடித்து நிமிர்த்தி வைத்தான். ஜன்னலில் மறுபடி மழை. அவள் தாளின் கடைசி வரியைப் படித்து முடித்தாள். தாளை மடித்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

"சிட் ஆன் தி பெஞ்ச்."

"அது ஷீட்டுல இல்லையே?"

"சொன்னதைச் செய்யுங்க."

உட்கார்ந்தான். பெஞ்சின் ஒரு கோடியில். அவள் மறுகோடியில் உட்கார்ந்தாள். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

அடுத்த வரிக்கு ஆங்கிலத்தில் தயார் பண்ணித்தான் வைத்திருந்தாள். தொண்டைக்குள் அது கலைந்துபோனது.

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. மருந்துக்கடை வாசல்லேர்ந்தே. நீங்க திட்டினப்பவே." ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

டொக் டொக் என்று கேட்டது. விரல் முட்டியால் அவர்களுக்கு நடுவே இருந்த பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். காதைச் சாய்த்தான். மெல்ல நகர்ந்து, தட்டிய இடத்திலேயே, அவள் தோள் உரச உட்கார்ந்தான்.

"நான் அன்னிக்குத் திட்ட நினைச்சதுல பாதி, உங்களைத் திரும்பிப் பார்த்ததும் மறந்துபோச்சு மேடம்."

"இன்னும் என்ன மேடம்?"

கதவு திறந்தது. அண்ணன் நின்றார். பெஞ்சைப் பார்த்தார். தோள்களைப் பார்த்தார். நீண்ட நேரம் தொண்டையைச் செருமினார்.

"பெஞ்சு எப்படி இருக்கு?"

மரங்கொத்தி சட்டென எழப் போனான். அவள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். விடவில்லை.

"தாங்கும் சார்," என்றான் அவன்.