நேற்று ஒடிந்த எலும்பு

செவ்வாய், காலை 11.40. பாலக்கோடு தக்காளி மண்டி வாசலில், ரிவர்ஸ் எடுத்த டிராக்டருக்குப் பின்னால் வத்தல்மலை மல்லையன் விழுந்து கிடந்தார். வலது தொடை மேலே ஒடிந்திருந்தது. மகன் திருமால் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். டிராக்டர் இடித்ததைப் பார்த்தவர் எவரும் இல்லை. கிடந்ததை மண்டியே பார்த்தது. டிரைவர் வீரமணியை நாலு சாத்து சாத்தி ஸ்டேஷனில் விட்டார்கள்.

இடிக்கவே இல்லை என்றான் அவன். வழக்குப் பதிவானால் லைசென்ஸ் போகும்; அதுதான் அவன் பிழைப்பு. எஸ்.ஐ. சந்தியாவுக்கும் உறுத்தியது. பெரியவரின் தொடையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மகனின் முழங்கையில்தான் காயம், அதுவும் காய்ந்து பொருக்கு உதிரும் பழைய காயம்.

புதன், பகல் 2.15. எலும்புக்குள் நீளமான ஆணி இறக்கி, இடுப்புப் பந்தில் திருகு முடுக்கிவிட்டு வெளியே வந்தார் டாக்டர் மாதேஸ்வரன்.

"ஒரு மணி நேர வேலை மேடம். இவருக்கு மூணு ஆயிடுச்சு."

"ஏன் சார்?"

"காலை இழுத்துப் பிடிச்சா ஒடஞ்ச முனை ரெண்டும் சேந்துக்கும். இவருக்குச் சேரல. நடுவுல புது எலும்பு வளந்திருக்கு. அதைச் சுரண்டிட்டுதான் ஆணி போட்டேன். இங்க பாதிப் பேரு நாட்டுக்கட்டு போட்டுப் பாத்துட்டுதானே வர்றாங்க."

"புது எலும்பு வளர எத்தனை நாளாகும்?"

"மூணு வாரமாச்சும் வேணும்."

"இவருக்கு ஒடஞ்சது நேத்துன்னு கேஸ் சார்."

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். தேதியை அவர் பார்த்திருக்கவே இல்லை.

மாலை 5.00. வார்டில் அப்பனும் மகனும்.

"வத்தல்மலையில விசாரிச்சுட்டேன். மூணு வாரத்துக்கு முன்னாடி மலை எறக்கத்துல பைக்கோட விழுந்தீங்க. ஓட்டுனது நீ" என்றாள் சந்தியா. "அவருக்குத் தொடை, உனக்கு முழங்கை. ரெண்டு காயத்துக்கும் ஒரே வயசு, திருமால்."

அவன் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தான். அன்று குடித்திருந்தான். பெண் வீட்டார் வந்து அவனுக்கு நிச்சயம் செய்துவிட்டுப் போய் நாலே நாள்; குடித்து விழுந்தது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். நாட்டுக்கட்டு போட்டும் எலும்பு கூடவில்லை. ஆஸ்பத்திரியில் எப்படி ஒடிந்தது என்று கேட்பார்களே என்று, ஆட்டோவில் கொண்டுவந்து, நகரும் டிராக்டருக்குப் பின்னால் அப்பனைக் கிடத்தினான். அவரும் ஒத்துக்கொண்டார்.

"உங்க பையனுக்காக ஒத்துகிட்டீங்க. அந்த டிரைவர் என்னங்க பண்ணான்?"

மல்லையன் ஆணி போட்ட தொடையைத் தொட்டுப் பார்த்தார்.

"மூணு வாரம் வலியப் பொறுத்துகிட்டேனுங்க. அந்தப் பையன அடிச்சாங்களே, அப்பதான் பொறுக்கல. அப்பவும் வாயத் தொறக்கல நான்."

சந்தியா எழுதிய வாக்குமூலத்தை மல்லையன் முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். மகன் பக்கம் திரும்பாமலே, கைநாட்டுக்குக் கட்டைவிரலை நீட்டினார்.