ஏறாமல் இறங்கியவன்

படகுக்காரர் தன் படகின் அறை வாசலில் குப்புறக் கிடந்தார். வாயோரம் நுரை. அவருடைய ஃபிளாஸ்க் பக்கத்தில் உருண்டுகிடந்தது. மிச்சத் தேநீர் பலகை இடுக்கில் வழிந்துகொண்டிருந்தது.

முதலில் பார்த்தது காமிராக்காரி. அன்று பிற்பகல்தான் அந்த மீன்பிடிப் படகின் முன்பக்கக் கம்பத்தில் காமிரா பொருத்திவிட்டுப் போயிருந்தாள். கைப்பேசியில் படம் பார்ப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தர மாலையில் திரும்பி வந்தவள், கூச்சல் போட்டு ஆள் கூட்டினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, நினைவு இல்லை. தேநீரில் விஷம் என்றார் டாக்டர்.

போலீஸ் வருவதற்குள் படித்துறையில் கூடியவர்களுக்கு அவளே படத்தை ஓட்டிக் காட்டினாள். அவள் இறங்கிப் போன சற்று நேரத்தில், தூறலில், மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று பின்பக்கத்திலிருந்து நடந்து வந்து அறைக்குள் நுழைந்தது. வந்த வழியே திரும்பிப் போனது. முகம் தெரியவில்லை. முதுகில் கறுப்பு ஒட்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"இது ஒல்லியோட கோட்டுல்ல?" என்றார் ஒருவர். ஒல்லி அந்தப் படகில் வலை இழுப்பவன். நாலைந்து பேர் அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் ஒல்லி லாக்கப்பில் இருந்தான்.

இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்டது கொஞ்சம்தான்.

"காமிராவை ஓடவிட்டப்போ படகுல யாரு?"

"நான் மட்டும்தான் சார். படகுக்கார அண்ணனும் ஒல்லியும் பனிக்கட்டி வாங்கப் போயிருந்தாங்க."

"அவரு மைத்துனர், எஞ்சின் பார்க்கிறவர்?"

"எனக்கு முன்னாடியே எறங்கிட்டாரு."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

சொல்லும்போது அது பொய் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபோதுதான் உறுத்தியது. அவள் கம்பத்தடியில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். எஞ்சின் அறைக்குள்ளிருந்து வயரை மேலே தள்ளிவிட்டவர் மைத்துனர். "நான் கிளம்புறேன் தங்கச்சி" என்று குரல் வந்தது. குரல்தான் வந்தது. தட்டைத் தள்ளி வைத்தாள். போயிருப்பார், வேறெங்கே போவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஒல்லியின் மனைவி காமிராக்காரியின் கடை வாசலில் நின்றாள். சண்டை போட வரவில்லை.

"அந்தப் படத்துல அவரு மூஞ்சி எங்கயாவது தெரியுதான்னு பாருங்கக்கா" என்றாள். "நடையைப் பார்த்தா அவரு மாதிரியே இல்ல."

காமிராக்காரி கடையைச் சாத்திவிட்டுப் படித்துறைக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் படகில்தான் இருந்தார். பக்கத்தில் மைத்துனர், அறையின் சாவியோடு. ஏட்டு கரையிலிருந்து படகுக்குள் குதித்ததும் இன்ஸ்பெக்டர் முகம் வெளிறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் நேத்து சொன்னதுல ஒண்ணு தப்பு," என்றாள். "அவரு எறங்கினதை நான் பார்க்கல. கேட்டதைப் பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

மைத்துனர் சிரித்தார். "கேட்டா என்ன, பார்த்தா என்ன தங்கச்சி? போனேன்ல?"

இன்ஸ்பெக்டர் கைப்பேசியை எடுத்துப் படத்தை ஓட்டினார்.

"எனக்குப் படகு ஒத்துக்காதும்மா. ஒருத்தன் ஏறினாலும் ஆடி வயித்தைப் புரட்டுது. ராத்திரி இதைப் பார்க்கும்போது ஏன் புரட்டலன்னு யோசிச்சேன். காமிரா படகோட சேர்ந்தே ஆடுது. அதனால படகு ஆடுறதே தெரியல. ஆடுறது எது?"

அவள் உற்றுப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் படித்துறையின் விளக்குக் கம்பம். அவள் இறங்கும் இடத்தில் அது விசுக்கென்று துள்ளியது.

"அது நீங்க எறங்கினது. இனி மழைக்கோட்டு வர்ற வரைக்கும் பாருங்க."

கம்பம் நட்டது நட்டபடி நின்றது. மஞ்சள் கோட்டு வந்தது, உள்ளே போனது, வெளியே வந்தது, பின்பக்கம் மறைந்தது. அதன் பிறகு கம்பம் துள்ளியது.

"எறங்கியிருக்கான். ஆனா ஏறவே இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க போகும்போதே அவன் உள்ள இருந்திருக்கான். ஒல்லி அப்போ பனிக்கட்டிக் கடையில இருந்தான், கடைக்காரர் சொல்றாரு. அங்கேருந்து வந்திருந்தா ஏறித்தான் ஆகணும். உள்ளயே இருந்திருக்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான். அவரு போயிட்டாருன்னு நீங்க சொன்னதால நான் தடுமாறினேன்."

மைத்துனர் சாவியை விரலில் சுற்றுவதை நிறுத்தினார். "கோட்டு அவனோடது சார்."

"அவனோடதுதான். அது தொங்குறது எஞ்சின் அறை வாசல்ல. காமிரா வைக்கச் சொன்னதே நீதானாமே? உங்க அக்கா சொன்னாங்க. கோட்டுக்கு ஒரு சாட்சி வேணும், இல்லையா?"

மைத்துனர் சாவியைப் பலகைமேல் வைத்தார்.

"என் வயசெல்லாம் அந்த எஞ்சினுக்குள்ளயே போச்சு," என்றார் மைத்துனர் கடைசியில். "அத்தான் சுக்கானை அந்த ஒல்லிப்பயல் கையில குடுக்கப்போறேங்கறார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல."

ஏட்டு அவர் தோளைப் பிடித்தார்.

மத்தியானம் ஒல்லியை விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அவனுக்காகக் காத்திருந்த காமிராக்காரி, மனசுக்குள் கோத்து வைத்திருந்த வார்த்தைகளை மறந்துபோனாள். "மன்னிச்சிடுங்கண்ணே. ஒரு வார்த்தை நான் சரியாச் சொல்லியிருந்தா..."

ஒல்லி செருப்பை மாட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். உதடு வீங்கியிருந்தது.

"உங்க மேல கோபப்பட எனக்குத் தெம்பில்லம்மா. எம்பொண்ணுக்குக் கூடப் படிக்கிறவங்க யாரோ ராத்திரியே அந்தப் படத்தைக் காட்டியிருக்காங்க. காலையில லாக்கப் ஜன்னலோரம் வந்து நின்னு, 'நீதானாப்பா'ன்னு கேட்டா. இல்லைன்னேன். நம்பினாளான்னு தெரியல." நிமிர்ந்தான். "வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொல்லிட்டுப் போங்க."

"வர்றேன்" என்றாள்.

அவன் முன்னால் நடந்தான். தெருவில் எதிரே வந்தவர்கள் அவனைப் பார்த்ததும் ஒதுங்கினார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தி, "இவரு இல்லைங்க, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். சிலர் நின்று கேட்டார்கள். பலர் நிற்கவில்லை. வீடு இன்னும் தூரத்தில் இருந்தது.